லேப்டாப்பில் இடமில்லை: பயணத்தில் எடுக்கும் படங்களை எங்கே வைப்பது?

பயணம் பாதியைத் தாண்டும்போதுதான் இது பெரும்பாலும் நடக்கும். மெமரி கார்டிலிருந்து படங்களை லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டிருப்போம். பாதியில் காப்பி நின்று, டிஸ்க்கில் இடம் போதவில்லை என்று ஒரு செய்தி வரும். மறுநாள் காலை படமெடுக்க அந்தக் கார்டு காலியாக வேண்டும். தூக்கம் வேறு கண்ணைச் சுற்றும். கையில் கிடைத்ததை அழிக்கத் தொடங்குவோம். தவறான ஃபோல்டரை அழித்துவிடுவது இப்படிப்பட்ட அவசரத்தில்தான்.

இங்கே இரண்டு சிக்கல்கள் பின்னிக் கிடக்கின்றன. ஒன்று இடம், மற்றொன்று பாதுகாப்பு. இடம் வேண்டுமென்றால் எதையாவது குறைக்க வேண்டும். பாதுகாப்பு வேண்டுமென்றால் ஒவ்வொரு படத்துக்கும் இன்னொரு பிரதி எடுக்க வேண்டும். இந்த இரண்டையும் லேப்டாப்புக்கு உள்ளே இருக்கும் ஒரே டிஸ்க்கில் முடித்துவிடப் பார்ப்பதால்தான் தலைவலி. கதிரை அடித்துத் தூற்றுவது களத்தில், சேர்த்து வைப்பது களஞ்சியத்தில். பயணத்தில் லேப்டாப் வெறும் களம்தான். படங்கள் வரும், பார்ப்போம், பிரிப்போம், அப்புறம் அவை வேறோர் இடத்துக்குப் போய்விடும். இந்த எண்ணம் மனதில் பதிந்துவிட்டால் மீதியெல்லாம் அதிலிருந்தே வந்துவிடும்.

ஒரு படம் எவ்வளவு இடம் பிடிக்கும்?

கிளம்புவதற்கு முன் ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்பது நல்லது. 24 மெகாபிக்சல் கேமராவையே எடுத்துக்கொள்வோம். அதன் சென்சாரில் சுமார் 2.4 கோடி புள்ளிகள் இருக்கின்றன. ரா வடிவத்தில் சேமிக்கும்போது ஒவ்வொரு புள்ளியும் பார்த்த வெளிச்சத்தின் அளவை கேமரா அப்படியே எழுதி வைக்கிறது. பல கேமராக்களில் இது புள்ளிக்கு 14 பிட். பெருக்கிப் பார்த்தால் 33.6 கோடி பிட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட், ஆகவே இது 42 எம்பி. தரம் குறையாத சுருக்க முறை ஒன்றைக் கேமரா பயன்படுத்தினால் இது 25 எம்பி அளவுக்கு இறங்கும். அதே படம் ஜேபெக்காக வந்தால் 10 எம்பி பக்கம்தான் இருக்கும். கண்ணுக்கு எளிதில் தெரியாத விவரங்களைக் கழித்துவிட்டுச் சுருக்குவதால் ஜேபெக் இவ்வளவு சிறியதாகிறது. கழித்தது கழித்ததுதான், பிறகு திரும்பக் கிடைக்காது. படத்தை வீட்டில் உட்கார்ந்து நிதானமாகத் திருத்த நினைப்பவர்கள் ராவை விரும்புவது இதனால்தான்.

ஒரு நாளைக்கு 600 படம் எடுக்கிறீர்கள், கேமராவில் ரா, ஜேபெக் இரண்டும் சேர்ந்து பதிவாகிறது என்று வைத்துக்கொள்வோம். ரா 15 ஜிபி, ஜேபெக் 6 ஜிபி, ஆக மொத்தம் 21 ஜிபி. ஒரு வாரத்தில் 147 ஜிபி. இப்போது லேப்டாப்பைப் பாருங்கள். 256 ஜிபி என்று எழுதியிருந்தாலும் விண்டோஸில் அது 238 ஜிபி என்றுதான் தெரியும். யாரும் ஏமாற்றவில்லை. தயாரிப்பாளர் ஒரு ஜிபி என்பதை 100 கோடி பைட்டாக எண்ணுகிறார், விண்டோஸ் 107 கோடியே சொச்சமாக எண்ணுகிறது. அதில் இயங்குதளத்துக்கும், செயலிகளுக்கும், நீங்கள் ஏற்கெனவே வைத்திருக்கும் ஃபைல்களுக்கும் போக மிஞ்சுவதுதான் உங்களுக்கு. அந்த மிச்சத்தையும் முழுதாக நிரப்பக் கூடாது. எஸ்எஸ்டி வகை டிஸ்க் (சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் வகை) நிரம்பும் தறுவாயில் மெதுவாகிவிடும். இயங்குதளமும் தன் தற்காலிக ஃபைல்களுக்கு இடம் கிடைக்காமல் தடுமாறும். பத்தில் ஒரு பங்காவது எப்போதும் காலியாக இருக்கட்டும்.

வீடியோ இந்தக் கணக்கையே தலைகீழாக்கிவிடும். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 4கே எடுக்கும் கேமரா நிமிடத்துக்கு 750 எம்பி எழுதும். ஐந்து நிமிடம் ஓடவிட்டால் 3.75 ஜிபி. மேலே சொன்ன கணக்குப்படி இது நூறு படங்களுக்கும் மேல். ஆகவே இடம் போதவில்லை என்றால் முதலில் படங்களில் கை வைக்காதீர்கள். தவறுதலாக ஓடிய வீடியோ, ஒரே காட்சியை மூன்று முறை எடுத்த வீடியோ, தரையையும் காலணியையும் காட்டிக்கொண்டு ஓடும் வீடியோ இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்றிரண்டை நீக்கினாலே கணிசமான இடம் கிடைத்துவிடும்.

போனில் மட்டும் எடுப்பவர்களுக்குக் கவலை குறைவு. 12 மெகாபிக்சல் போன் படம் பொதுவாக இரண்டு முதல் நான்கு எம்பிக்குள் அடங்கிவிடும்.

எண்ணிக்கை இரண்டுக்குக் கீழே இறங்கக் கூடாது

பீட்டர் க்ரோக் என்ற புகைப்படக்காரரால் பரவலான விதி ஒன்று உண்டு. 3-2-1 என்று அதைச் சொல்வார்கள். ஒவ்வொரு படத்துக்கும் மூன்று பிரதி, அவை இரண்டு வகைச் சேமிப்பில், அவற்றில் ஒன்று வேறு ஊரிலோ வேறு கட்டடத்திலோ. வீட்டில் இதை முழுதாகக் கடைப்பிடிக்க முடியும். பயணத்தில் முழுதாக முடியாமல் போகலாம், அதனால் குறைந்தபட்சமாக ஒன்றை உறுதியாகப் பிடித்துக்கொள்ளச் சொல்வேன்: எந்தப் படமும் எந்த நேரத்திலும் இரண்டு தனிப் பொருள்களில் இருக்க வேண்டும். ஒரே லேப்டாப்பில் இரண்டு ஃபோல்டரில் வைத்தால் அது இரண்டு ஆகாது. லேப்டாப் திருடு போனால் இரண்டும் சேர்ந்தே போகும்.

அந்த இரண்டு பொருள்கள் எவை? எளிதான வழி, மெமரி கார்டை அழிக்காமலே வைத்துக்கொள்வது. கார்டில் ஒரு பிரதி, வெளி டிஸ்க்கில் ஒரு பிரதி, அவ்வளவுதான். பயணம் முழுவதுக்கும் போதுமான கார்டுகளைக் கையோடு கொண்டுபோனால் பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும். நிறைந்த எஸ்டி கார்டின் பக்கவாட்டில் இருக்கும் சின்னப் பூட்டுப் பொத்தானைத் தள்ளிவிட்டால் கேமராவால் அதில் எழுத முடியாது. காலிக் கார்டுக்கும் நிறைந்த கார்டுக்கும் இடையே குழப்பமும் வராது. மைக்ரோ எஸ்டி கார்டில் இந்தப் பொத்தான் கிடையாது. அதற்குத் தனித்தனி உறை வைத்துக்கொள்ளுங்கள்.

கார்டை அழித்துத்தான் மறுபடி பயன்படுத்த வேண்டும் என்றால் லேப்டாப்பைத் தவிர இரண்டாவது டிஸ்க் ஒன்று கட்டாயம் வேண்டும். வெளி ஹார்ட் டிஸ்க்கா, வெளி எஸ்எஸ்டியா? ஹார்ட் டிஸ்க்கில் சுழலும் தட்டுகள் இருக்கின்றன. அவற்றுக்கு மயிரிழை உயரத்துக்கும் குறைவான இடைவெளியில் படிக்கும் முனை மிதக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது மேசையிலிருந்து விழுந்தால் முனை தட்டில் உரசி, டிஸ்க்கே பாழாகலாம். எஸ்எஸ்டியில் அசையும் பாகமே இல்லை. விலை கூடுதல்தான். ஆனாலும் பயணத்துக்கு எஸ்எஸ்டியையே எடுத்துக்கொள்ளுங்கள் என்பேன். வீட்டு மேசையில் அசையாமல் கிடக்கும் களஞ்சியத்துக்கு ஹார்ட் டிஸ்க் பொருத்தமானது.

புது டிஸ்க் வாங்கியதும் அது எந்த முறையில் ஃபார்மேட் ஆகியிருக்கிறது என்று பாருங்கள். ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஃபைலை அது ஏற்காது, நீளமான வீடியோ அங்கே முட்டிக்கொள்ளும். என்டிஎஃப்எஸ் என்றால் மேக் படிக்கும், ஆனால் தானாக எழுதாது. விண்டோஸ், மேக் இரண்டிலும் படிக்கவும் எழுதவும் எக்ஸ்ஃபேட் தோதானது. அதற்கும் ஒரு பலவீனம் உண்டு. எழுதிக்கொண்டிருக்கும்போது கேபிளைப் பிடுங்கினால் அடைவு, அதாவது எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற பட்டியல், குழம்பிப்போகும் வாய்ப்பு மற்ற முறைகளைவிட அதிகம். காப்பி முடிந்தது போலத் தெரிந்தாலும் கடைசிச் சில எம்பி நினைவகத்திலிருந்து டிஸ்க்குக்கு இன்னும் போய்க்கொண்டிருக்கலாம். எஜெக்ட் கொடுத்துவிட்டு எடுப்பது சடங்கு அல்ல.

மாலை நேர வேலை

இனி ஒரு நாள் மாலை நடக்க வேண்டியதை வரிசையாகப் பார்ப்போம்.

அறைக்கு வந்ததும் முதலில் லேப்டாப்பைச் சார்ஜரில் போடுங்கள். மூடியை மூடினால் லேப்டாப் தூங்கிவிடும், காப்பியும் நின்றுவிடும், எனவே திறந்தே இருக்கட்டும். கார்டை ரீடரில் செருகுங்கள். ரீடர் எந்தத் தலைமுறையைச் சேர்ந்தது என்பது நேரத்தைத் தீர்மானிக்கும். பழைய யுஎஸ்பி 2.0 ரீடர் நடைமுறையில் நொடிக்கு 35 எம்பி அளவுக்குத்தான் தரும், 64 ஜிபி கார்டை இறக்க அரை மணி நேரம் ஆகும். யுஎஸ்பி 3.0 ரீடரும் நொடிக்கு 90 எம்பி படிக்கும் கார்டும் இருந்தால் அதே வேலை 12 நிமிடத்தில் முடியும்.

அடுத்து ஃபோல்டர். பெயரைத் தேதியில் தொடங்குங்கள், ஆண்டு முதலில், பிறகு மாதம், பிறகு நாள்: 2025-03-14 என்பது போல. அதன் பின்னால் இடத்தின் பெயரைச் சேர்க்கலாம். இப்படி எழுதினால் அகர வரிசையும் கால வரிசையும் ஒன்றாகிவிடும். ஒரு நாளைக்கு ஒரு ஃபோல்டர் என்று பிரிப்பதற்கு இன்னொரு முக்கியமான காரணமும் உண்டு. கேமரா ஃபைல்களின் பெயர் நான்கு எழுத்து, நான்கு எண் என்ற அமைப்பில்தான் இருக்கும். எண் 9999 வரை போய், மறுபடி 0001 என்று தொடங்கும். சில அமைப்புகளில் கார்டை ஃபார்மேட் செய்ததுமே 0001க்குத் திரும்பிவிடும். எல்லாவற்றையும் ஒரே ஃபோல்டரில் கொட்டினால் ஒரு நாள் இரண்டு வெவ்வேறு படங்களுக்கு ஒரே பெயர் வரும். பழையதை மாற்றி எழுதவா என்று லேப்டாப் கேட்கும். தூக்கக் கலக்கத்தில் ஆமாம் என்று அழுத்தினால் போயிற்று. தேதிவாரி ஃபோல்டர் இந்தக் கேள்வியே வராமல் பார்த்துக்கொள்ளும்.

கார்டிலிருந்து எடுக்கும்போது காப்பி செய்யுங்கள், ஒருபோதும் கட் செய்யாதீர்கள். கட் செய்து ஒட்டினால் ஒவ்வொரு ஃபைலையும் இங்கே எழுதிவிட்டு அங்கே அழித்துக்கொண்டே போகும். நடுவில் கேபிள் தளர்ந்தால் பாதி இங்கே, பாதி அங்கே என்று ஆகிவிடும், எது எங்கே என்று தேட வேண்டியிருக்கும். காப்பியில் அந்த அபாயம் இல்லை. என்ன நடந்தாலும் கார்டில் எல்லாம் அப்படியே இருக்கும்.

காப்பி முடிந்ததும் சரிபார்க்க வேண்டும். கார்டில் உள்ள ஃபோல்டரின் ஃபைல் எண்ணிக்கையையும் மொத்த அளவையும் பைட் கணக்கில் பாருங்கள், லேப்டாப் ஃபோல்டரிலும் பாருங்கள். இரண்டும் ஒன்றாக இருக்க வேண்டும். பிறகு தொடக்கம், நடு, கடைசி என்று சில படங்களை முழு அளவில் திறந்து பாருங்கள். சிறு உருவம் தெரிந்தால் மட்டும் போதாது. கேமரா ஒவ்வொரு படத்துக்குள்ளும் ஒரு சின்ன முன்தோற்றத்தைத் தனியாக வைத்திருக்கும், முழுப் படம் சிதைந்திருந்தாலும் அந்த முன்தோற்றம் அழகாகத் தெரியலாம். இன்னும் உறுதி வேண்டுபவர்கள் டெராகாப்பி போன்ற கருவியைப் பயன்படுத்தலாம். அது எழுதிய ஃபைலை மறுபடி படித்து மூலத்தோடு ஒப்பிட்டுச் சொல்லும்.

சரிபார்த்ததும் அதே ஃபோல்டரை வெளி டிஸ்க்குக்கு அனுப்புங்கள். முடிந்தால் லேப்டாப்பிலிருந்து அனுப்பாமல் கார்டிலிருந்தே இரண்டாவது முறை காப்பி செய்யுங்கள். முதல் காப்பியில் ஏதாவது கெட்டிருந்தால் அதே கேடு இரண்டாவதிலும் தொற்றாது. இரண்டு பிரதியும் சரி என்று தெரிந்த பிறகு கார்டை அழிக்கலாம். அழிப்பதைக் கேமராவில், அதன் ஃபார்மேட் கட்டளையால் செய்யுங்கள். கேமரா தனக்கு வேண்டிய அடைவுகளைத் தானே ஒழுங்காக அமைத்துக்கொள்ளும்.

கடைசியாக வெளி டிஸ்க்கை லேப்டாப் பையிலிருந்து எடுத்து வேறு பையில் வையுங்கள். இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒரே பையில் இருக்கும் இரண்டு பிரதிகளும் ஒரே நேரத்தில் தொலையும்.

கிளவுட்டில் போட்டுவிட்டால் போதாதா?

போதும், இணையம் ஒத்துழைத்தால். நொடிக்கு 10 மெகாபிட் அப்லோட் வேகம் என்றால் ஒரு மணி நேரத்தில் 4.5 ஜிபி மேலே போகும். நாம் கணக்குப் போட்ட 21 ஜிபி போய்ச் சேர நாலரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், அதுவும் தடையே இல்லாமல் ஓடினால். தங்குமிடங்களின் வைஃபையில் பதிவிறக்க வேகத்தைவிட அப்லோட் வேகம் குறைவாக இருப்பது வழக்கம். இதனால் எல்லாவற்றையும் அனுப்ப முயலாமல் அன்றைய சிறந்த முப்பது நாற்பது படங்களின் ஜேபெக்கை மட்டும் அனுப்புங்கள். 400 எம்பிதான், நள்ளிரவுக்குள் முடிந்துவிடும். எல்லாப் பைகளும் தொலைந்துபோனால்கூடப் பயணத்தின் சாரம் எங்கோ பத்திரமாக இருக்கும்.

இலவச அளவு சீக்கிரம் தீரும் என்பதையும் நினைவில் வையுங்கள். கூகுள் போட்டோஸ் 2021 ஜூன் 1 முதல் கணக்கில்லாத இலவசச் சேமிப்பை நிறுத்திவிட்டது. இப்போது ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் சேர்த்து 15 ஜிபி. ஐகிளவுடிலும் ஒன்டிரைவிலும் 5 ஜிபி. விண்டோஸில் ஒன்டிரைவ் பேக்கப் இயங்கிக்கொண்டிருந்தால் பிக்சர்ஸ் ஃபோல்டரில் எதைப் போட்டாலும் அது தானாக மேலே ஏறத் தொடங்கிவிடும். 21 ஜிபி ராவை அங்கே கொட்டினால் இலவச இடம் நிரம்பும், டேட்டாவும் கரையும். பயணப் படங்களுக்குப் பிக்சர்ஸுக்கு வெளியே தனி ஃபோல்டர் வைத்துக்கொள்வது நல்லது.

தொடக்கநிலையில் இருப்பவர்கள் அதிகம் குழம்பும் இடம் ஒன்று இங்கே இருக்கிறது. ஒத்திசைவு (சிங்க்) வேறு, பேக்கப் வேறு. போனிலும் லேப்டாப்பிலும் கிளவுடிலும் ஒரே படம் தெரிகிறது, ஆகவே மூன்று பிரதி என்று தோன்றும். ஆனால் ஒத்திசைக்கும் சேவையில் லேப்டாப்பில் அழித்தால் கிளவுடிலும் அழியும், போனிலும் அழியும். அது மூன்று இடங்களில் தெரியும் ஒரே படம்தான். இடம் வேண்டுமென்று ஒத்திசைந்த ஃபோல்டரில் டெலீட் அழுத்தாதீர்கள். ஒன்டிரைவில் இடத்தை மட்டும் விடுவிக்கும் கட்டளை தனியாக இருக்கிறது. அது முழு ஃபைலைக் கிளவுடில் விட்டுவிட்டு லேப்டாப்பில் பெயரை மட்டும் வைத்திருக்கும். ஐகிளவுடைப் பயன்படுத்தும் மேக்கில் சேமிப்பைச் சிக்கனப்படுத்தும் அமைப்பு இதே வேலையைத் தானாகச் செய்யும். இரண்டிலும், இணையம் இல்லாத இடத்தில் முழுப் படம் திறக்காது.

லேப்டாப்பில் இடத்தை மீட்பது

இதைப் பயணத்துக்கு முன்பே செய்துவிடுவது மேல். சிஸ்டம் அமைப்புகளில் ஸ்டோரேஜ் பக்கத்தைத் திறந்தால் எது எவ்வளவு பிடித்திருக்கிறது என்று பட்டியல் வரும். டவுன்லோட்ஸ் ஃபோல்டர், பழைய போன் பேக்கப்புகள், எப்போதோ பார்த்து முடித்த திரைப்படங்கள் என்று பல ஜிபி ஒளிந்திருக்கும். ரீசைக்கிள் பின்னைக் காலி செய்யும்வரை அழித்த இடம் திரும்பாது என்பது பலருக்கும் தெரியும். மெமரி கார்டு விஷயத்தில் மட்டும் ஒரு வேறுபாடு உண்டு. விண்டோஸில் கார்டில் உள்ளதை அழித்தால் அது ரீசைக்கிள் பின்னுக்குப் போகாமல் நேராகப் போய்விடும். மேக்கில் அழித்தால் அந்தக் கார்டிலேயே மறைவான குப்பைக் கூடைக்குப் போகும், கூடையைக் காலி செய்யும்வரை கார்டில் இடம் வராது.

படங்களை அடுக்கவும் திருத்தவும் உதவும் லைட்ரூம் கிளாசிக் செயலியைப் பயன்படுத்துபவர்களுக்கு இன்னொன்று. படங்களை வெளி டிஸ்க்குக்கு அனுப்பிய பிறகும் அதன் முன்தோற்ற ஃபைல்கள் லேப்டாப்பிலேயே குவிந்துகொண்டிருக்கும். முழு அளவு முன்தோற்றங்களை மெனுவிலிருந்தே நீக்கிக்கொள்ளலாம், படத்துக்கு ஒன்றும் ஆகாது. ஸ்மார்ட் பிரிவ்யூ என்ற வசதி பயணத்துக்கு அருமையானது. நீளப் பக்கத்தில் 2560 பிக்சல் கொண்ட சிறு பிரதியை லேப்டாப்பில் வைத்துக்கொண்டு, டிஸ்க்கைச் செருகாமலே திருத்தலாம். டிஸ்க்கைச் செருகும்போது திருத்தங்கள் அசல் படத்தோடு சேர்ந்துகொள்ளும். ஃபோல்டர்களை நகர்த்துவதை மட்டும் லைட்ரூமுக்கு உள்ளிருந்தே செய்யுங்கள். வெளியே நகர்த்தினால் படம் காணவில்லை என்று அது புகார் சொல்லும்.

படங்களைக் கழிப்பதைப் பற்றிக் கேட்டால், பயணத்தில் அதை அதிகம் செய்யாதீர்கள் என்பேன். முழுக்க மங்கியது, தவறுதலாகக் கை பட்டு எடுபட்டது, தொடர் படப்பிடிப்பில் ஒன்றுபோலவே இருக்கும் இருபதில் பத்தொன்பது, இவற்றை நீக்கலாம். மற்றபடி எது நல்ல படம் என்ற முடிவை அலுப்போடு எடுக்க வேண்டாம். அன்று சாதாரணமாகத் தெரிந்த ஒரு முகம் சில மாதம் கழித்து மிகவும் பிடித்துப்போகும்.

தவறி அழித்துவிட்டால்

கார்டில் தவறி அழித்துவிட்டீர்கள் என்றால் அந்த நொடியே அந்தக் கார்டைப் பயன்படுத்துவதை நிறுத்துங்கள். அழிப்பது என்பது பெரும்பாலும் அடைவிலிருந்து பெயரை எடுப்பதுதான், படத்தின் தரவு அந்த இடத்தில் புதிதாக ஏதாவது எழுதப்படும்வரை கிடக்கும். போட்டோரெக் போன்ற இலவசக் கருவி அதைத் தேடி மீட்கும். மீட்பதை அதே கார்டில் எழுதாமல் வேறு டிஸ்க்கில் எழுதச் செய்ய வேண்டும். லேப்டாப்புக்கு உள்ளே இருக்கும் எஸ்எஸ்டியில் இந்த நம்பிக்கை குறைவு. அழித்த இடங்களை இயங்குதளம் டிரிம் என்ற கட்டளையால் டிஸ்க்குக்குத் தெரிவிக்கும், டிஸ்க்கும் அவற்றைத் துடைத்துவிடும். அதனால்தான் எந்த அழிப்புக்கும் முன்னால் இரண்டாவது பிரதி எங்கே என்று கேட்டுக்கொள்ளச் சொல்கிறேன்.

தொலைவது வேறு, பிறர் கையில் சிக்குவது வேறு. டிஸ்க்கில் உள்ளதைக் குறியாக்கம் செய்து பூட்டும் வசதி, அதாவது விண்டோஸில் பிட்லாக்கர், மேக்கில் ஃபைல்வால்ட், இயங்கினால் லேப்டாப்பை எடுத்தவர் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. மீட்புச் சாவியை லேப்டாப்பில் வைக்காமல் வேறிடத்தில் குறித்து வையுங்கள்.

வீடு திரும்பியதும் வெளி டிஸ்க்கில் உள்ளதை வீட்டுக் களஞ்சியத்தில் காப்பி செய்து, மறுபடி எண்ணிக்கையும் அளவும் பாருங்கள். அதற்கும் ஒரு பேக்கப் எடுங்கள். பிறகு லேப்டாப்பில் இருக்கும் பயண ஃபோல்டரை அழித்துவிடலாம். வெளி டிஸ்க்கை மட்டும் அடுத்த பயணம் வரை அப்படியே விட்டுவையுங்கள், கிளம்புவதற்கு முந்தின நாள் காலி செய்தால் போதும்.